ஊடக வளர்ச்சிக்கும் பத்திரிகைச் சுதந்திரத்துக்கும் ஆலோசகரை நியமிப்பது எப்படி? தென்னாப்பிரிக்கச் சங்கங்களுக்கும் சமூக வானொலிகளுக்கும் முழுமையான வழிகாட்டி

டர்பனில் 1903-இல் தொடங்கிய ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழ் ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் என நான்கு மொழிகளில் வந்தது. 1906-இல் தமிழ்ப் பகுதியும் இந்திப் பகுதியும் நின்றுபோயின. எந்த அரசாணையும் அவற்றை நிறுத்தவில்லை. எழுதித் தரவும் அச்சுக் கோக்கவும் போதிய ஆள் கிடைக்கவில்லை. 1977 அக்டோபர் 19 அன்று ‘தி வேர்ல்ட்’ நாளிதழ் நின்றது வேறு விதம். அங்கே ஆளும் இருந்தார்கள், வாசகரும் இருந்தார்கள். அரசு ஒரே நாளில் தடை போட்டது, ஆசிரியர் பெர்சி கொபோசாவைப் பிடித்து உள்ளே வைத்தது.

முதலாவது ஊடக வளர்ச்சிச் சிக்கல். இரண்டாவது பத்திரிகைச் சுதந்திரச் சிக்கல். இரண்டையும் தீர்க்கத் தெரிந்தவர் அநேகமாக ஒரே ஆளாக இருக்க மாட்டார். ஆனாலும் ஆலோசகர் தேவை என்று வரும் விளம்பரங்களில் பல, “ஊடக வளர்ச்சிக்கும் சட்டச் சீர்திருத்தத்துக்கும் உதவ” என்று இரண்டையும் ஒரே வரியில் சேர்த்துவிடுகின்றன. செய்தியாளருக்குப் பயிற்சி கொடுக்கத் தெரிந்தவர் வருவார். மசோதாவின் உட்பிரிவைப் படித்துக் கருத்துரை எழுதச் சொன்னால் திணறுவார். அல்லது சட்டம் தெரிந்தவர் வருவார். வானொலி நிலையத்தின் விளம்பர வருமானக் கணக்கைப் பார்த்தால் அவருக்கு ஒன்றும் விளங்காது. பணம் போன பிறகுதான் இது தெரியவரும்.

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பகுதிகளில் இயங்கும் தமிழ்ச் சங்கங்கள், சமூக வானொலிக் குழுக்கள், சிறு இதழ்கள் ஆகியவற்றை மனத்தில் வைத்து இந்த வழிகாட்டி எழுதப்பட்டிருக்கிறது. மற்றவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

1. மாற்றம் யார் கையில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்

ஆலோசகரைத் தேடும் முன் ஒரு தாளில் ஒரே வாக்கியம் எழுதுங்கள்: எது மாற வேண்டும், அதை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? குழுவில் ஐந்து பேர் இருந்தால் ஐவரும் தனித்தனியாக எழுதிப் பிறகு சேர்த்துப் பாருங்கள். ஐந்தும் ஐந்து திசையில் போனால் ஆள் எடுக்கும் நேரம் இன்னும் வரவில்லை.

தென்னாப்பிரிக்காவில் அதிகாரம் பல இடங்களில் பிரிந்து கிடக்கிறது. ஒலிபரப்பு உரிமமும் அதன் நிபந்தனைகளும் ஐகாசாவிடம். அரசியலமைப்பின் 192-ஆம் பிரிவு, ஒலிபரப்பை ஒழுங்குபடுத்தத் தனித்த அமைப்பு வேண்டும் என்கிறது. அதன்படி இயங்குவது ஐகாசா. அச்சு இதழ்களையும் செய்தித் தளங்களையும் பற்றிய புகார்களை விசாரிப்பது பத்திரிகை மன்றம். இது அரசு அமைப்பல்ல. இதழ்கள் தாமே விரும்பிச் சேர்வது. முன்னாள் தலைமை நீதிபதி பையஸ் லாங்கா தலைமையிலான ஆணையம் 2012-இல் அறிக்கை தந்தபின், ஊடகத்துறையும் பொதுமக்களும் சேர்ந்து நடத்தும் முறைக்கு அந்த மன்றம் மாறியது. ஒலிபரப்பு நிலையங்கள் மீதான புகார்களுக்கு ஒலிபரப்புப் புகார் ஆணையம் தனியாக உண்டு. சமூக வானொலிகளுக்கும் சிறு இதழ்களுக்கும் நிதி தருவது, 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த ஊடக வளர்ச்சி, பன்மை முகமையான எம்.டி.டி.ஏ. சட்டத்தையே மாற்ற வேண்டுமானால் நாடாளுமன்றம். சட்டமே அரசியலமைப்புக்கு முரண் என்றால் நீதிமன்றம்.

“வாரத்துக்கு இரண்டு மணி நேரம் தமிழ் நிகழ்ச்சி போதவில்லை” என்ற ஒரே குறையை வைத்துக்கொள்வோம். அது உரிம நிபந்தனையால் வந்ததா, நிலையத்தின் நிர்வாகக் குழு எடுத்த முடிவா, தமிழ் பேசும் தொகுப்பாளர் இல்லாததாலா? மூன்றுக்கும் மூன்று விதமான ஆள் தேவை. மூன்றாவதுதான் காரணம் என்றால் ஆலோசகரே வேண்டாம். பயிற்சிக்குப் பணம் ஒதுக்கினால் போதும்.

2. தகவல் கேட்பு மனுவை இப்போதே போடுங்கள்

இதைப் பெரும்பாலோர் ஆலோசகர் வந்த பிறகுதான் செய்கிறார்கள். அதுதான் பெரிய பிழை. தகவல் பெறும் உரிமைச் சட்டமான பையா (2000-ஆம் ஆண்டின் 2-ஆம் எண் சட்டம்) பதில் தர 30 நாள் கொடுக்கிறது. அதை இன்னும் 30 நாள் நீட்டிக்கவும் இடம் உண்டு. பதிலே வராவிட்டால் மறுத்ததாகவே கொள்ள வேண்டும். உங்கள் ஆலோசகரின் முழு வேலையே எட்டு வாரம் என்றால், அவர் வந்தபின் போட்ட மனுவுக்குப் பதில் வரும்போது அவர் இறுதி அறிக்கையைக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார்.

மனுவை உங்கள் சங்கத்தின் பெயரிலேயே போடலாம். உரிம ஆவணங்கள், நிதி ஒதுக்கீட்டுக் கடிதங்கள், நகராட்சி எந்தெந்த ஊடகத்துக்கு எவ்வளவு விளம்பரம் கொடுத்தது என்ற கணக்கு, இவற்றைக் கேளுங்கள். “எல்லாத் தகவலும்” என்று கேட்டால் ஒன்றும் கிடைக்காது. எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எந்தத் துறை, எந்த ஆவணம் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள்.

3. பணி வரையறை எழுதுதல்

நல்ல பணி வரையறை நான்கு பக்கத்தைத் தாண்டாது. பின்னணி அரைப் பக்கம். பதில் தேவைப்படும் கேள்விகள் மூன்று அல்லது நான்கு. பத்து எழுதினால் பத்துக்கும் அரைகுறைப் பதில்தான் வரும். ஆலோசகர் ஒப்படைக்க வேண்டியவை, தேதிகள், நாள் எண்ணிக்கை, பண வரம்பு, தேர்வு முறை. மேலும், எதை அவர் செய்ய வேண்டாம் என்றும் எழுதுங்கள். “நீதிமன்ற வழக்கு தயாரிப்பது இந்தப் பணியில் சேராது” என்ற ஒரு வரி பின்னால் பல சச்சரவுகளைத் தவிர்க்கும். வழக்கு என்று வந்தால் அதற்கு வழக்கறிஞர்தான் வேண்டும்.

யுனெஸ்கோவின் ஊடக வளர்ச்சிக் குறியீடுகள் (2008) ஐந்து பிரிவுகளாக அமைந்தவை: சட்ட ஒழுங்குமுறை, உடைமையிலும் குரலிலும் பன்மை, மக்களாட்சி விவாதத்துக்கான மேடை, தொழில் பயிற்சி, தொழில்நுட்ப வசதி. கேள்விகளைத் தேர்ந்தெடுக்க இது நல்ல பட்டியல். ஆனால் ஐந்தையும் முழுதாக ஆராயச் சொல்லிச் சிறிய தொகையில் விளம்பரம் போடாதீர்கள். அது ஒரு நாடு முழுவதற்குமான, பல மாத வேலை. ஒரு பிரிவை எடுத்துக்கொண்டு ஆழமாகப் போவதே ஒரு சங்கத்தின் அளவுக்குச் சரி.

நாள் கணக்கு இல்லாத பணி வரையறை வெறும் ஆசைப் பட்டியல். குவாசுலு-நட்டாலில் சிறுபான்மை மொழிச் சமூக வானொலிகளின் நிலையை ஆராய்ந்து ஐகாசாவுக்குக் கருத்துரை தயாரிக்கும் பணி என்று வைத்துக்கொண்டால், கணக்கு இப்படி வரும்:

- ஆவணம் படிக்க 5 நாள்
- தொடக்க அறிக்கைக்கு 3 நாள்
- நேர்காணல்களுக்கு 12 நாள்
- சட்ட ஆய்வுக்கு 6 நாள்
- வரைவு எழுத 6 நாள்
- இரண்டு கலந்தாய்வுக் கூட்டங்களுக்கு 3 நாள்
- இறுதி வடிவத்துக்கு 3 நாள்
- கருத்துரைக்கும் நேர்முக விசாரணைக்கும் 2 நாள்

மொத்தம் 40. நேர்காணலுக்குப் பன்னிரண்டு நாள் அதிகம் என்று யாராவது குறைக்கச் சொல்வார்கள். குறைக்காதீர்கள். ஒரு நாளில் இரண்டு நேர்காணலுக்கு மேல் ஒழுங்காகச் செய்து எழுதிவைக்க முடியாது. மூத்தவர்களிடம் தமிழிலும் மற்றவர்களிடம் ஆங்கிலத்திலும் சுலுவிலும் பேசவேண்டியிருந்தால் இன்னும் குறையும். மொழிபெயர்ப்புச் செலவை நாள் கட்டணத்துக்குள் திணிக்காமல் தனி வரியாகப் போடுங்கள்.

4. எங்கே தேடுவது, எவ்வளவு காலம் கொடுப்பது

விளம்பரம் மூன்று வாரம் திறந்திருக்கட்டும். செய்தி ஆசிரியர்களின் அமைப்பான சேனெஃப், தேசியச் சமூக வானொலி மன்றம், தனி வெளியீட்டாளர் சங்கம், மாக்ஸி ஆஃப்ரிக்கா (முன்பு மீடியா மானிட்டரிங் ஆஃப்ரிக்கா) ஆகியவற்றுக்குத் தகவல் சொல்லுங்கள். மக்காண்டாவில் உள்ள ரோட்ஸ் பல்கலைக்கழக இதழியல் பள்ளி, ஜொகானஸ்பர்க்கின் விட்ஸ், டர்பனிலேயே இருக்கும் குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகமும் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் ஆய்வாளர்களை அறிந்த இடங்கள்.

விளம்பரம், மதிப்பீடு, நேர்காணல், ஒப்பந்தம் எல்லாம் சேர்ந்து எட்டு வாரம் ஆகும். ஐகாசா ஒரு விதியைக் கொண்டுவரும் முன் அதன் வரைவை அரசிதழில் வெளியிட்டு, குறைந்தது 30 நாள் கழித்தே உறுதிசெய்ய வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் கருத்துச் சொல்ல உங்களுக்குக் கிடைக்கும் காலம் பெரும்பாலும் அதை ஒட்டியதுதான். வரைவைப் பார்த்துவிட்டு ஆள் தேடத் தொடங்கினால் கெடு முடிந்துவிடும். ஆகவே ஆண்டுத் தொடக்கத்திலேயே இரண்டு மூன்று பேரைத் தேர்ந்து, நாள் கட்டணத்தைப் பேசி, “அழைக்கும்போது ஐந்து வேலை நாளுக்குள் தொடங்குவேன்” என்று கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அழைக்காவிட்டால் பணமும் இல்லை.

வெளிநாட்டிலிருந்து ஒருவர் வருவதானால், வெறும் வருகை விசாவில் அவர் வேலை செய்ய முடியாது. அதற்குத் தனி அனுமதி வேண்டும். அதற்கான காலத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

5. மதிப்பெண்: 80-க்கு 20 என்பதில் உள்ள குழப்பம்

இந்த இடத்தில்தான் நல்ல ஆட்கள் கைநழுவிப் போகிறார்கள். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

பன்னாட்டுக் கொடையாளர்கள் 80:20 என்றால், தரத்துக்கு 80, விலைக்கு 20 என்று பொருள். தென்னாப்பிரிக்க அரசுக் கொள்முதலில் 80/20 என்றால் நேர் எதிர்: விலைக்கு 80, பின்தங்கியோர் மேம்பாடு போன்ற குறிக்கோள்களுக்கு 20. 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி இது 30,000 ராண்ட் முதல் 5 கோடி ராண்ட் வரையிலான ஒப்பந்தங்களுக்குப் பொருந்தும். தரம் அங்கே ஒரு நுழைவுக் கோடு மட்டுமே. கோட்டைத் தாண்டியபின் அதற்கு மதிப்பெண் கிடையாது. இந்த வேறுபாடு தெரியாத குழு, அரசு அலுவலகம் ஒன்றின் படிவத்தை நகல் எடுத்துத் தன் விளம்பரத்தில் ஒட்டிவிடுகிறது.

என்ன ஆகும் என்று பாருங்கள். அ என்பவருக்குத் தரத்தில் 88, விலை 320,000 ராண்ட். ஆ என்பவருக்குத் தரத்தில் 76, விலை 240,000.

தரம் 80, விலை 20 என்ற முறையில், குறைந்த விலை கேட்ட ஆவுக்கு விலை மதிப்பெண் 100. அவுக்கு 240-ஐ 320-ஆல் வகுத்து, நூறால் பெருக்கினால் 75. அவின் மொத்தம் 70.4 + 15 = 85.4. ஆவின் மொத்தம் 60.8 + 20 = 80.8. அ வெல்கிறார். பாதிக்குப் பாதி என்று வைத்தால் அவுக்கு 81.5, ஆவுக்கு 88. ஆ வெல்கிறார். அரசு முறையில் ஆவுக்கு விலையிலேயே 80 கிடைத்துவிடும். அவின் விலை மூன்றில் ஒரு பங்கு கூடுதல் என்பதால் 80-இல் மூன்றில் ஒரு பங்கு கழிந்து அவுக்கு 53.3 மட்டுமே, மீதி 20-ஐ முழுதாக வாங்கினாலும் 73.3-ஐத் தாண்ட முடியாது. அவின் தரம் 88 இல்லை, 100 என்றாலும் இதே முடிவுதான்.

உங்கள் பணம் கொடையாளருடையது என்றால் அவர்களின் விதியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சொந்தப் பணம் என்றால் சட்டச் சீர்திருத்த வேலைக்குத் தரம் 80, பயிற்சி வேலைக்குத் தரம் 60 அல்லது 70 போதும். சட்ட வாதத்தில் ஒரு பிழை முழுக் கருத்துரையையும் வீணாக்கும். பயிற்சியில் ஒரு நாள் சரியில்லை என்றால் அடுத்த நாள் சரிசெய்யலாம்.

விலையை ஒப்பிடும்போது மதிப்புக் கூட்டு வரியைச் சேர்த்தே ஒப்பிடுங்கள். ஒருவர் 280,000 கேட்கிறார், வரிக்குப் பதிவு செய்தவர்; 15 விழுக்காடு சேர்ந்து 322,000 ஆகும். இன்னொருவர் 300,000 கேட்கிறார், பதிவு செய்யாதவர். உங்கள் சங்கம் வரிக்குப் பதிவு செய்யவில்லை என்றால் அந்த 42,000 திரும்பி வராது. இரண்டாமவர்தான் மலிவு.

6. நேர்காணல்

“உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்” என்று கேட்டு அரை மணி நேரத்தைச் செலவிடாதீர்கள். அது அவர்கள் அனுப்பிய தாளிலேயே இருக்கிறது. வேலையின் ஒரு துண்டைக் கையில் கொடுங்கள். ஒரு பக்கத்தில் சிக்கலை எழுதிக் கொடுத்து, இருபது நிமிடம் படிக்க விட்டு, பிறகு பேசச் சொல்லுங்கள்.

ஒரு நல்ல கேள்வி: “ஒலிபரப்பில் தமிழுக்கு நேரம் கேட்பதற்கு அரசியலமைப்பில் என்ன பிடி இருக்கிறது?” 16-ஆம் பிரிவின் கருத்துச் சுதந்திரத்தை எல்லோரும் சொல்வார்கள். வேலை தெரிந்தவர் 6(5)-க்குப் போவார். அங்கே, இந்நாட்டுச் சமூகங்கள் வழங்கும் மொழிகளை வளர்த்து மதிக்கச் செய்ய வேண்டும் என்று மொழி வாரியத்துக்குக் கடமை விதிக்கும் இடத்தில், தமிழ் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது. அந்தப் பிரிவு ஒலிபரப்பு நேரத்துக்கு நேரடி உரிமை தரவில்லை என்பதையும் அவரே சொன்னால், அவரை நம்பலாம். நமக்குப் பிடித்ததை மட்டும் சொல்லும் ஆலோசகரால் விசாரணை மேசையில் நிற்க முடியாது.

இன்னொன்று, பழைய சட்டத்தை வைத்துப் பேசுகிறாரா என்று பார்ப்பது. அவதூறு குற்றவியல் தண்டனைக்கு உரியதாக இருந்த பழைய நிலை 2024 ஏப்ரலில் ஒழிந்தது. அதை இன்னும் நடப்புச் சிக்கலாகச் சொல்பவர் படிப்பை நிறுத்திவிட்டவர்.

சார்பு பற்றிய எழுத்து வாக்குமூலம் கட்டாயம் வாங்குங்கள்: கடந்த மூன்று ஆண்டில் ஐகாசா, அமைச்சகம், தனியார் ஒலிபரப்பாளர், தேடுபொறி அல்லது சமூக வலைத்தள நிறுவனம் எதற்காவது வேலை செய்தாரா? செய்தது குற்றமல்ல. மறைப்பதுதான் ஆபத்து. கருத்துரை கொடுத்த பிறகு எதிர்த்தரப்பு அதைக் கண்டுபிடித்தால், சங்கத்தின் பெயரும் சேர்ந்து கெடும்.

7. ஒப்பந்தத்தில் விட்டுவிடக் கூடாதவை

பதிப்புரிமை. 1978-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, வெளியாள் ஒருவர் எழுதிய அறிக்கை, பணம் கொடுத்ததாலேயே உங்களுடையதாகிவிடாது. உரிமை மாற்றம் எழுத்தில், அவர் கையொப்பத்துடன் இருக்க வேண்டும். இந்த ஒரு பத்தி இல்லாததால் தாங்கள் பணம் கொடுத்து எழுதவைத்த அறிக்கையையே தமிழில் வெளியிட முடியாமல் தவிக்கும் நிலை வரும்.

வருமான வரி. ஆலோசகர் பெரும்பாலும் உங்கள் அலுவலகத்திலேயே, உங்கள் மேற்பார்வையில் வேலை செய்தால், வரித்துறை அவரைத் தனி ஒப்பந்தக்காரராக ஏற்காமல் போகலாம். வரிப் பிடித்தம் உங்கள் பொறுப்பாகிவிடும். மேசை போட்டுக் கொடுக்கும் முன் கணக்காளரைக் கேளுங்கள்.

பணத் தவணை: தொடக்க அறிக்கையை ஏற்றதும் 15 விழுக்காடு, நேர்காணல்கள் முடிந்ததும் 25, வரைவுக்கு 35, இறுதி அறிக்கையும் கருத்துரையும் கைக்கு வந்தபின் 25. வரைவு வரும்போதே எண்பது விழுக்காட்டைக் கொடுத்துவிட்டால், இறுதித் திருத்தத்துக்கு ஆளைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். பதிலுக்கு நீங்களும் ஒரு வாக்குக் கொடுங்கள்: வரைவு கிடைத்த பத்து வேலை நாளுக்குள் எல்லாருடைய கருத்தையும் தொகுத்து ஒரே கடிதமாக அனுப்புவோம் என்று. குழு உறுப்பினர் ஏழு பேரும் ஏழு மின்னஞ்சல் அனுப்பி ஒருவருக்கொருவர் முரண்பட்டால், தாமதத்துக்கு ஆலோசகரைக் குறை சொல்ல முடியாது.

அவதூறு. அறிக்கையை வெளியிடும் சங்கமும் பொறுப்பாளிதான். அச்சுக்குப் போகும் முன் வழக்கறிஞர் ஒருவர் படிக்க ஒன்றிரண்டு நாள் கட்டணம் ஒதுக்குங்கள். வாயடைக்க மட்டுமே தொடுக்கப்படும் வழக்குகளுக்கு எதிராக ஒரு தற்காப்பு உண்டு என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2022 நவம்பரில் ஏற்றது. ஆனாலும் அந்தத் தற்காப்பை நீதிமன்றத்தில் நிலைநாட்டவும் செலவு ஆகும்.

8. பேசியவர்களைக் காப்பது

கலந்தாய்வுக் கூட்டத்தின் வருகைத் தாளை ஒருமுறை உற்றுப் பாருங்கள். பெயர், அடையாள எண், கைபேசி எண், பணியிடம், கையொப்பம் என்று ஐந்து கட்டம். தாள் மேசையைச் சுற்றி வருகிறது. ஆறாவதாகக் கையெழுத்திடுபவர் தனக்கு மேலே உள்ள ஐந்து பேரையும் படித்துவிடுகிறார். யாரோ அதைக் கைபேசியில் படம் எடுக்கிறார். தன் நிலையத்தின் விளம்பரதாரர் கொடுக்கும் அழுத்தத்தைப் பற்றிச் சொல்ல வந்த இளம் செய்தியாளர், பேனாவை வைத்துவிட்டு வாயை மூடிக்கொள்கிறார்.

ஆளுக்கு ஒரு சிறு சீட்டுக் கொடுங்கள். பெயர் இருக்கும் சீட்டு உறையில் போய் ஒரே ஒருவரிடம் இருக்கட்டும். குறிப்பேட்டில் எண் மட்டும் வரட்டும். கொடையாளருக்கு வந்தவர் எண்ணிக்கையையும் குழு உறுப்பினர் இருவர் கையொப்பமிட்ட உறுதிமொழியையும் கொடுக்கலாம். இதை நிதி ஒப்பந்தம் போடும்போதே பேசி முடியுங்கள். தணிக்கை நாளில் பேசினால் எடுபடாது.

நேர்காணலின் மூலக் குறிப்புகள் ஆலோசகரிடமே இருக்கும், நியமித்த சங்கம்கூடக் கேட்காது என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். பலருக்கு இது உறுத்தும். காசு கொடுத்தோமே என்பார்கள். ஆனால் சங்கத்தின் கணினியில் இல்லாத பெயரை யாரும் சங்கத்திடமிருந்து பறிக்க முடியாது. எப்போது அழிக்க வேண்டும் என்ற தேதியும் அதில் இருக்கட்டும். தனிநபர் தகவல் சட்டமான போபியா இதழியல் பணிக்குச் சில விலக்குகளைத் தருகிறது. உங்கள் ஆய்வு இதழியல் அல்ல என்று யாராவது வாதிட இடம் உண்டு. ஆகவே அந்த விலக்கை நம்பாமல் ஒப்புதல் படிவம் வாங்குங்கள். தொலைபேசியும் பாதுகாப்பானது என்று நினைக்க வேண்டாம். புலனாய்வு இதழியல் மையமான அமாபுங்கானே தொடுத்த வழக்கில் 2021 பிப்ரவரி 4 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம், ஒட்டுக்கேட்புச் சட்டமான ரிக்காவில் செய்தியாளர்களுக்குப் போதிய பாதுகாப்பு இல்லை என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்குக்கு அடிப்படையே ஒரு செய்தியாளரின் தொலைபேசி ஒட்டுக்கேட்கப்பட்டதுதான்.

9. தொடக்க அறிக்கையும் முடிவும்

மூன்றாம் வாரத்தில் வரும் தொடக்க அறிக்கையைச் சம்பிரதாயமாக ஏற்காதீர்கள். பத்துப் பக்கம் போதும். உங்கள் பணி வரையறையின் வாக்கியங்களையே திருப்பி எழுதியிருந்தால் அவர் இன்னும் வேலையைத் தொடங்கவில்லை. யாரைச் சந்திப்பார், எந்தக் கேள்வி எழுதியபடி நிற்காது, எது மாற வேண்டும் என்று அதில் இருக்க வேண்டும். ஆளை மாற்ற வேண்டுமானால் அதற்கு ஏற்ற கடைசி இடமும் இதுவே. 15 விழுக்காட்டோடு நின்றுவிடலாம்.

இறுதி ஒப்படைப்பு மூன்று: முழு அறிக்கை, ஐகாசாவுக்கோ நாடாளுமன்றக் குழுவுக்கோ அப்படியே அனுப்பக்கூடிய கருத்துரை, தமிழிலும் ஆங்கிலத்திலும் சுலுவிலும் இரண்டு பக்கச் சுருக்கம். கருத்துரையில் “நேரில் பேச விரும்புகிறோம்” என்ற வரி இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். அது இல்லாவிட்டால் விசாரணை நாளில் உங்களை அழைக்காமலே போகலாம். சட்டங்கள் இயற்றும்போது பொதுமக்கள் பங்கேற்க வழிசெய்ய வேண்டும் என்று அரசியலமைப்பின் 59-ஆம் பிரிவு நாடாளுமன்றத்தின் தேசியப் பேரவையைக் கட்டாயப்படுத்துகிறது. அந்தக் கதவு திறக்கும் நாளில் மேசைக்கு முன் உட்கார வேண்டியவர் உங்கள் சங்கத்து ஆள். ஆலோசகர் பக்கத்தில் கோப்போடு இருக்கட்டும். பேசப்போகிறவரை இரண்டு முறையாவது உட்காரவைத்துக் கேள்வி கேட்டுப் பழக்கும் வேலைக்குத்தான் அந்தக் கடைசி இரண்டு நாளில் ஒன்று.